விளக்கு வைக்க ஓர் ஆள்

யாரைப் பார்த்தாலும் அத்தை முதலில் கேட்பது ஒன்றுதான்.

"யாரு போனா, யாரு வந்தா?"

சுகமா என்று கேட்கமாட்டாள். எந்தத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் போய் நின்றாலும் இதுதான். யார் பேர் வெட்டிக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போனார்கள், எந்தத் தோட்டத்திலிருந்து யார் புதிதாக வந்து பேர் பதிந்தார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் தண்ணீர்கூடக் குடிப்பாள்.

அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. எங்கள் தோட்டத்திலேயே கொழுந்து பறித்தாள். பெரகல சந்தியிலிருந்து மேலே ஏறிப் போகிற தோட்டம் அது. வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணம் பேசப் போவாள். ஊவாவில் அவள் கால் படாத தோட்டம் கிடையாது என்பார்கள். அது எனக்குத் தெரியாது. என் கல்யாணத்தை அவள்தான் பேசினாள். அது தெரியும்.

ஆள் குள்ளம். நடை வேகம். கையில் ஒரு கறுப்புக் குடை இருக்கும். விரிக்கமாட்டாள், ஊன்றிக்கொண்டு நடப்பாள். மழை பெய்தால் எல்லாரையும் போல கம்பளியைத்தான் தலையில் போட்டுக்கொள்வாள். யார் வீட்டுக்குப் போனாலும் உள்ளே வரமாட்டாள். வாசற்படியில் உட்கார்ந்து, காலை வெளியே நீட்டிக்கொள்வாள்.

"உள்ளதான் வாயேன்" என்பாள் அம்மா.

"இருக்கட்டும் மதினி. உள்ள வந்தா எந்திரிக்க மனசு வராது."

கொழுந்து மலையில் பெண்கள் அவளைக் கேலி பேசுவார்கள். "ஆம்பளையாப் பொறந்திருந்தா இது பஸ்ஸு டிரைவராப் போயிருக்கும்." அவள் கொழுந்தைக் கூடைக்குள் எறிந்துகொண்டே சொல்வாள், "போயிருந்தா ஒங்க ஒருத்தியையும் ஏத்தியிருக்கமாட்டேன்டி. வழி பூரா வாயி ஓயாது."

தோட்டத்து ஆட்களுக்கு ஓட்டு இல்லை என்று சர்க்கார் சொன்னதே, அதற்கு அடுத்த வருஷம். எனக்குத் துணி எடுக்க அவளோடு பண்டாரவளைக்குப் போனேன். பெரகல சந்தியில் பஸ்ஸுக்கு நின்றோம். மூன்று ரோடு வந்து சேர்கிற இடம். அங்கே ஒரு முஸ்லிம் நானாவின் தேநீர்க் கடை இருந்தது. அத்தையைக் கண்டதும் நானா சிரித்தார்.

"என்ன தங்கச்சி, இன்னைக்கு எந்தத் தோட்டத்தைக் காலி பண்ணப் போறீங்க?"

"நான் காலி பண்றவ இல்ல நானா. நெரப்புறவ."

கொஸ்லந்தைப் பக்கமிருந்து ஒரு பஸ் ஏறி வந்தது. மேலே மூட்டைகள். அத்தை குடையால் காட்டினாள்.

"அம்மி ஏறியிருக்கு பாரு. இது போற குடும்பம். திரும்பாது."

அடுத்த பஸ்ஸின் மேல் ஒரு பாய்ச் சுருட்டும் கோழிக்கூடையும் இருந்தன.

"இது சும்மா போறது. கோழிய அறுத்துத் தின்னுட்டு வந்துரும்."

பஸ் மேலே என்ன இருக்கிறது என்று பார்த்தே எந்தத் தோட்டத்தில் ஆள் நிற்கவில்லை என்று சொல்லிவிடுவாள். நான் கேட்டேன், ஏன் அத்தை இப்படிப் போறாங்க என்று.

"நெலைக்காத தோட்டம்" என்றாள்.

மலையில் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள். பக்கத்துப் பக்கத்துத் தோட்டமாக இருக்கும். அதே தேயிலை, அதே மழை, அதே நாட்கூலி. ஒன்றில் ஆள் நிற்காது. இன்னொன்றில் ஆள் அசையாது. ஆள் போகிற தோட்டம் கெட்டது, ஆள் இருக்கிற தோட்டம் நல்லது. பெண் கொடுக்கிறவர்கள் அதைத்தான் பார்த்தார்கள். வேறு எதை வைத்துப் பார்ப்பது? துரையை யாரும் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. கங்காணி எல்லா இடத்திலும் விருந்தாளியிடம் நன்றாகத்தான் பேசுவார்.

அப்பா மூன்று தோட்டம் மாறியவர். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு முருங்கைக் கொம்பு நட்டார். ஒன்றில்கூடக் காய் பறிக்கவில்லை. கடைசியாக வந்த தோட்டத்திலும் ஆள் குறைந்துகொண்டே போனது. எங்கள் லயத்தில் குடும்பத்துக்கு ஒரு அறை, காம்பரா என்போம்; பாதிக் காம்பராவுக்குப் பூட்டு. ஒரு காம்பராவில் கங்காணியின் ஆடுகள் கிடந்தன. இரவில் ஆடு செருமினால் அப்பா எழுந்து உட்கார்ந்துகொள்வார். "மனுசன் இருமுற மாதிரியே இருக்கு" என்பார்.

அதனால் எனக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது அப்பா ஒன்றுதான் கேட்டார்.

"நெலையா ஒரு எடம் பாரு தங்கச்சி. எம் புள்ள மூட்ட தூக்கக் கூடாது."

முதலில் வந்தது வெலிமடைப் பக்கத்து மாப்பிள்ளை. தாயும் மகனும் வந்தார்கள். வெற்றிலை பாக்கோடு, வெங்காயத்தாள் மாதிரி இருக்கிற லீக்ஸும் ஒரு கட்டு கொண்டுவந்தார்கள். பெண் கேட்க வந்தவர்கள் லீக்ஸோடு வந்தார்கள் என்று அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவருக்கு முன்பல் ஒன்று இல்லை. சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை.

அவர்கள் போன பிறகு அத்தை வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலையைக் கிள்ளினாள்.

"ஓடுகாலித் தோட்டம்ணே அது. மாசத்துக்கு ரெண்டு குடும்பம் பேர் வெட்டுது. காய்கறித் தோட்டத்துக்குப் போறேன்னு பாதிப் பேரு, டவுனுக்குப் போறேன்னு மீதிப் பேரு. கேட்ட ஒடனே தொரையும் வெட்டிக் குடுத்துர்றான். நாளைக்கு இவனும் அம்மியத் தூக்குவான். ஒம் மக பின்னால மூட்டையோட நடப்பா."

அப்பா தலையை ஆட்டினார்.

"பசறைக்கு அந்தாண்ட ஒரு தோட்டம் இருக்கு" என்றாள் அத்தை. "பொழுது சாஞ்சாப் போயி பாரு. ஒரு காம்பரா விடாம வெளக்கு எரியும். பூட்டுன கதவுன்னு ஒண்ணு பாக்க முடியாது. அங்க பேர் வெட்டச் சொல்லிக் கேட்டவனே கெடையாது."

அப்பா போய்ப் பார்த்தார். அவளே கூட்டிக்கொண்டு போனாள். சாயங்காலம் போய்ச் சேருகிற மாதிரிதான் கூட்டிப்போனாள். மறுநாள் திரும்பிவந்து, அவள் வாசற்படியில் உட்கார்ந்திருக்க, அப்பா அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மேல் லயத்துல இருந்து கீழ் லயம் வரைக்கும் வெளக்குடி. கார்த்திகை மாதிரி இருந்துச்சு."

அப்பா அழுது நான் அப்போதுதான் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். தாயும் தகப்பனும் இல்லை. அதிகம் பேசமாட்டார். குடிக்கமாட்டார். அவரைப் பற்றி அத்தை சொன்னது எல்லாம் உண்மை. அவள் எதையும் பொய்யாகச் சொல்லவில்லை. அதைத்தான் பிறகு ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தோட்டமும் அழகுதான். பீலியில் தண்ணீர் எப்போதும் விழும். கீழே ஆறு. வெளியே போக ஒரே பாதை, பெரிய கங்காணி வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும்.

தலைத் தீபாவளி வந்தது. பெரிய கங்காணியிடம் சொல்லிக்கொண்டு வரப் போனோம். வயதானவர். வெள்ளை மீசை. சாய்வு நாற்காலியில் இருந்தபடி சிரித்தார்.

"போயிட்டு வா ஆயி. தலைத் தீவாளிக்குப் போகாம எப்படி? ஆனா வெளக்கு வெக்க ஒரு ஆளு இருக்கணுமில்ல? நம்ம தோட்டத்துல எந்தக் காம்பராவும் இருட்டுக் கட்டக் கூடாது. எங்கப்பா காலத்துல இருந்து அப்படி. ஒம் புருசன் இருக்கட்டும்."

தலைத் தீபாவளிக்கு மாப்பிள்ளை இல்லாமல் நான் மட்டும் போய் இறங்கினேன். அம்மா என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"மாப்பிள்ள எங்கடி?"

வாசற்படியில் அத்தை இருந்தாள். நான் வாயைத் திறக்கும் முன்னால் அவளே சொன்னாள். "பொறுப்பான புள்ள மதினி. வீட்டப் போட்டுட்டு வருமா?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். நல்ல வழக்கம் என்றுதான் நினைத்தேன். வீடு இருட்டாகக் கிடக்கக் கூடாது என்பது எங்கும் உள்ளதுதானே. மாப்பிள்ளைக்கு எடுத்த வேட்டியை நான் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். அவர் மடிப்பைப் பிரிக்காமல் பெட்டியில் வைத்தார்.

புரிந்தது கொஞ்சம் கொஞ்சமாகத்தான். கீழ் லயத்தில் ஒருவர் இருந்தார். அவர் சம்சாரத்துக்கு அந்தச் சூடும் அட்டையும் ஒத்துக்கொள்ளவில்லை. பண்டாரவளைப் பக்கம் போகிறேன், பேர் வெட்டிக் கொடுங்கள் என்று கேட்டார். கங்காணி கோபப்படவில்லை. சரி, பார்ப்போம் என்றார். அந்த வாரம் அவருடைய தம்பிக்கு வேலை இல்லை. அடுத்த வாரம் மாமனாருக்கு இல்லை. அதற்கடுத்து மச்சானுக்கு. கேட்டவருக்கு மட்டும் தினமும் வேலை இருந்தது. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது அவர் பேரை மட்டும் சத்தமாகக் கூப்பிட்டார்கள். கடைசியில் தம்பியும் மாமனாருமே வந்து அவர் காலைப் பிடித்தார்கள். அவர் போய், வேண்டாங்க ஐயா என்று சொல்லிவிட்டு வந்தார்.

பேர் வெட்டாமல் போனால் வேறு தோட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். வெளியே போனால் ஒரு ஆளை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். குடும்பமாகப் பாதையில் இறங்க வழியே இல்லை. இதுதான் அந்த விளக்கு.

துரைக்கு இதெல்லாம் தெரியுமோ தெரியாது. துரைமார் வருவார்கள், போவார்கள்.

"நீங்க ஏன் சொல்லல?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"எங்கயும் இப்படித்தான்னு நெனச்சேன் புள்ள" என்றார். அவர் வேறு தோட்டத்தைப் பார்த்ததில்லை.

அப்பா செத்துப்போனது பெரிய மழை பெய்த வருஷம். தகவல் வந்தபோது எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பள்ளிக்கூடம் போகிற வயதுகூட இல்லை. இளையவள் கைப்பிள்ளை. மருமகன் இல்லாமல் அப்பாவைத் தூக்க முடியாது. இரண்டு பேருமே போகவேண்டும் என்று கங்காணியிடம் நின்றோம்.

"ஐயோ பாவம்" என்றார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு பேரும்தான் போகணும். மருமகன் இல்லாம எப்படி? மூத்த புள்ள இருக்கட்டும். பக்கத்துக் காம்பராவுல பாத்துக்குவாங்க. வெளக்கு வெக்கத் தெரியுமில்ல?"

அவளை விட்டுவிட்டுப் போனோம். பாதை திரும்புகிற இடம் வரை அவள் அழவில்லை. வாசலில் நின்று கையை ஆட்டினாள்.

காரியம் முடிகிற வரை நான் இருக்கவில்லை. தகனம் முடிந்ததும் கிளம்பினோம். அத்தைதான் எங்களை பெரகல வரை கொண்டுவந்து விட்டாள்.

"மூத்தவளைக் கூட்டிட்டு வரலியா?" என்று அங்கே வைத்துக் கேட்டாள்.

"வெளக்கு வெக்க விட்டுட்டு வந்தோம்" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பஸ் மேலே இருந்த மூட்டைகளைப் பார்த்தாள். "பத்திரமாப் போங்க" என்றாள். அவ்வளவுதான். அன்று அவள் ஆச்சரியப்படவில்லை என்பது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

திரும்பிப் போனபோது மூத்தவள் கையில் கந்தல் துணி சுற்றியிருந்தது. மாடம் அவளுக்கு எட்டவில்லை. உரலைக் கவிழ்த்துப்போட்டு ஏறியிருக்கிறாள். எண்ணெய் சாய்ந்து மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கொப்புளம்.

"நான் வெளக்கு வெச்சேம்மா" என்றாள். "ஒரு நாளும் தப்பல."

அத்தை வருஷத்துக்கு ஒரு முறையாவது எங்கள் தோட்டத்துக்கு வருவாள். பெண் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வருவாள். அப்புத்தளைப் பக்கம், பண்டாரவளைப் பக்கம், எல்லாம் என் அப்பாவைப் போல ஆள் குறைந்த தோட்டத்துக் குடும்பங்கள். நான் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பேன். கீழே பாதையில் நின்று குடையை நீட்டி என்னைக் காட்டி ஏதோ சொல்வாள். அவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். சொந்த ஊர் முகம் பார்த்த சந்தோஷத்தில் நானும் கையை ஆட்டுவேன்.

பிறகு என் வாசற்படியில் வந்து உட்காருவாள். காலை வெளியே நீட்டி.

"யாரு போனா, யாரு வந்தா?"

"யாரும் போகல. நீ கொண்டாந்தவங்கதான் வந்திருக்காங்க."

சிரிப்பாள். அம்மாவைப் பற்றிச் சொல்வாள். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பாள். ராத்திரி தங்கச் சொன்னால் தங்கமாட்டாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னால் குடையை எடுத்துக்கொண்டு பாதையில் இறங்கிவிடுவாள். கூட்டிவந்தவர்களைத்தான் பார்க்க விட்டுவிட்டுப் போவாள். நான் வந்த பிறகு ஒரு நாளும் அவள் அங்கே விளக்கு வைக்கிற நேரம் வரை இருந்ததில்லை.

பஸ் எல்லாம் சர்க்கார் பஸ் ஆன பிறகு ஒரு நாள். இளையவளுக்குக் காதில் சீழ். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். மற்றவர்கள் வீட்டில்தான். மருந்து வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், "மதினி" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

அத்தை மகள். அவள் கல்யாணத்தின்போது எனக்குப் பிள்ளைப்பேறு, போகவில்லை. வெலிமடைப் பக்கம் கொடுத்திருக்கிறேன் என்று அத்தை சொன்னது மட்டும் தெரியும். மகள் சதை போட்டு நன்றாக இருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன், விதைக் கிழங்கு மூட்டையோடு. என்னைப் பார்த்துச் சிரித்தார். கையால் வாயை மறைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கீங்களா?" என்றார்.

"இருக்கேன்" என்றேன்.

அவர் பஸ் பார்க்கப் போனார். என்னைப் பெண் கேட்டு வந்தவருக்கே கொடுத்தது என் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். சொல்லாமல் விட்டிருக்கிறாள். மகள் ஒன்றும் அறியாதவள். பேசிக்கொண்டே இருந்தாள்.

"இப்ப தோட்டத்துல இல்ல மதினி. பேர் வெட்டி ரெண்டு வருசமாச்சு. வெலிமடையில ஒரு மொதலாளிக்கிட்ட கெழங்குத் தோட்டத்துல இருக்கோம். அங்க சரிவரலேன்னா நுவரெலியாப் பக்கம் போவோம். அம்மாவப் பாக்கணும்னா புள்ளைகளத் தூக்கிக்கிட்டு குடும்பத்தோட பஸ்ஸு ஏறிருவேன். நீங்கதான் வர்றதே இல்லன்னு ஒங்கம்மா சொல்லி அழுவுது."

"ஓடுகாலித் தோட்டம்னு ஒங்கம்மா சொன்னுச்சே" என்றேன்.

அவள் சிரித்தாள். "ஊருக்கு அப்படித்தான் சொல்லும். எனக்கு மாப்பிள்ள பாக்கையில என்ன சொல்லுச்சு தெரியுமா? ஆளு போகுதுன்னா அங்க கதவு தொறந்திருக்குன்னு அர்த்தமாம். ஆளு போகாத தோட்டத்துக்கு எம் மகளக் கனவுலயும் குடுக்கமாட்டேன்னுச்சு."

பஸ் வந்தது. அவர்கள் ஏறிக்கொண்டார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். என் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போனேன்.

என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. மூத்தவள் விளக்கு வைத்தாள். இப்போது மாடம் எட்டுகிற அளவுக்கு வளர்ந்திருந்தாள்.

தை முடிந்து அத்தை வந்தாள். இந்த முறை அப்புத்தளைப் பக்கத்துத் தாயும் தகப்பனும். அவர்கள் கோயிலைப் பார்க்கப் போயிருந்தார்கள். இவள் முன்னாலேயே வந்து படியில் உட்கார்ந்தாள். கட்டியிருந்தது அரக்குச் சேலை, மஞ்சள் கரை. என் கூறைச் சேலை எடுத்த அன்று பெரிய கங்காணி வீட்டில் அவளுக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டும் ஒரே கரை. என்னுடையதைக் கிழித்துப் பிள்ளைக்குத் தூளி கட்டி, அதுவும் கிழிந்து போயிருந்தது. அவளுடையது புதிது போல இருந்தது.

"யாரு போனா, யாரு வந்தா?" என்றாள்.

நான் எதிரே வந்து நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒம் மகளப் பாத்தேன் அத்தை. பதுளையில."

சுண்ணாம்பைத் தடவிக்கொண்டிருந்த விரல் நின்றது. பிறகு தடவியது.

"இங்க வெளக்கு ஏன் எரியுதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பவேவா?"

"அப்பவே."

"அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

"ஒங்கப்பன் கேக்கல ஆயி. நெலையான எடம் வேணும்னான். இதவிட நெலையான எடம் இந்த ஊவாவுல எங்க இருக்கு? நீயே சொல்லு."

"ஒம் மகளுக்கு?"

வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அவ எம் மக" என்றாள்.

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகவும் சொல்லவில்லை. பஸ் மேலே அம்மி இருக்கிறது என்று காட்டினாளே, அதே குரல்.

பாதையில் ஆள் வருகிற சத்தம் கேட்டது. அந்தத் தாயும் தகப்பனும். அவள் முகம் மாறிவிட்டது. வாய் நிறையச் சிரித்தாள்.

"வாங்கண்ணே, வாங்க. இவதான் நான் சொன்ன பொண்ணு. எங்கண்ணன் மக. சொந்தத்தையே குடுத்திருக்கேன்னா பாத்துக்கங்க. வந்து எத்தன வருசம். ஒரு நாளு, போகணும்னு சொல்லியிருப்பாளா? கேளுங்க அவளையே."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாதையில் நின்று குடையை நீட்டி இத்தனை வருஷம் அவள் என்ன சொன்னாள் என்று. எனக்குப் பிறகு வந்த பெண்கள் எல்லாம் என்னைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள். நான் போகாமல் இருப்பதைக் காட்டித்தான் கூட்டிவந்திருக்கிறாள்.

அந்தத் தாய் என்னைப் பார்த்தாள். மெலிந்த பொம்பளை. அம்மாவைப் போலவே முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"எப்பிடிம்மா, நல்ல எடமா?"

நான் மூத்தவளைக் கூப்பிட்டேன். அவள் கையைப் பிடித்து நீட்டினேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கி வெளுத்திருந்தது.

"எங்கப்பா செத்ததுக்கு நாங்க போனோம். இவள விட்டுட்டுப் போனோம். இங்க ஒரு ஆள வெச்சுட்டுத்தான் வெளிய போகணும். சாவுக்கும் அப்படித்தான். வெளக்கு வெக்கையில எண்ணெ கொட்டி வெந்தது. அப்ப இவளுக்குப் பள்ளிக்கூடம் போற வயசுகூட இல்ல."

"பேர் வெட்டிக்கிட்டு..." என்று இழுத்தார் அந்தத் தகப்பன்.

"வெட்டமாட்டாங்க. கேட்டா சொந்தக்காரங்களுக்கு வேலை நிக்கும். அதான் யாரும் கேக்குறதில்ல. வெளக்கு எரியிறது அதுக்குத்தான்."

அவர் அத்தையைத் திரும்பிப் பார்த்தார். அத்தை குடையை ஊன்றி எழுந்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள்.

அந்தத் தாய் மூத்தவளின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவர்களும் இறங்கிப் போனார்கள். அத்தை முன்னால் போனாள். அவர்கள் தள்ளிப் பின்னால் போனார்கள். பாதை திரும்புகிற இடத்தில் அவள் நின்று பார்த்தாள். அவர்கள் அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

செய்தி பெரிய கங்காணிக்கு அன்றைக்கே போனது. அவர் என்னைக் கூப்பிடவில்லை. அடுத்த வாரத்திலிருந்து என் வீட்டுக்காரருக்கு மேல்மலையின் உச்சியில் கவ்வாத்து. அவர் மச்சான் முறைக்காரர் ஒருவருக்கு வேலை நின்றது. அந்த மச்சான் சம்சாரம் பீலியில் என் குடத்தைத் தள்ளிவிட்டாள். ஒரு மாதம் யாரும் எங்களோடு பேசவில்லை.

என் வீட்டுக்காரர் இருட்டிய பிறகு வருவார். தோளில் தேயிலைக் குச்சி கிழித்த காயம். நான் தேங்காய் எண்ணெய் தடவினேன்.

"நீ சொன்னது சரிதான் புள்ள" என்றார்.

அந்தத் தாய் மகளை எங்கள் தோட்டத்துக்குக் கொடுக்கவில்லை. பெரகல வரை, அப்புத்தளை வரை கதை போயிருக்கிறது. அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்துக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. அத்தையும் வரவில்லை. அவள் கல்யாணம் பேசுவதையே விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். வேறு பக்கம் போய்ப் பேசுகிறாள் என்றும் சொன்னார்கள். நான் விசாரிக்கவில்லை.

நான் அவளை நினைக்காத நாள் இல்லை. லயத்துக்குப் புதிதாக யாராவது வந்தால், யாரு போனா யாரு வந்தா என்று என் வாயிலேயே வருகிறது. அடக்கிக்கொள்வேன். அப்பாவை நினைத்தால்தான் தாங்காது. அந்த விளக்கைச் சொல்லி அழுதாரே. அந்த அழுகையை அவள் வாசற்படியில் இருந்து பார்த்திருக்கிறாள். அண்ணே அண்ணே என்று கூப்பிட்டவள். அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை.

அவள் செத்துப்போன தகவல் ஒரு மத்தியானம் வந்தது. பஸ் கண்டக்டரிடம் அத்தை மகள் சொல்லியனுப்பியிருந்தாள். மதினி கட்டாயம் வரவேண்டும் என்று. பெரிய கங்காணி மேல்மலைக்கே ஆள் அனுப்பி என் வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறார். அவர் வேலைக் கத்தியோடு வாசலில் வந்து நின்றார்.

"அய்யா கேக்குறாரு. நம்ம போனா வெளக்கு வெக்க யாரு இருக்கான்னு."

மூத்தவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"யாரையும் விட வேணாம்னு சொல்லுங்க" என்றேன். "நான் போகல."

அவர் கத்தியைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு சொல்லப் போனார்.

பொழுது சாய்ந்தது. மூத்தவளை உட்காரச் சொல்லிவிட்டு நானே எண்ணெய் ஊற்றினேன். திரியை நானே ஏற்றினேன். அந்தத் தோட்டத்தில் நானாகப் போகாமல் இருந்தது அன்று ஒரு நாள்தான்.